பாதி டேங்க் பெட்ரோல்

அத்தியாயம் 14

பதினோரு மாதமாகத் தார்ப்பாய் போர்த்தி வாசலிலேயே கிடந்த பச்சையப்பனின் வெள்ளைக் காரை, போன வாரம் ஒருவழியாகக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள் அல்லவா? அது இப்போது அம்பத்தூரில், லோகேஷின் ஒர்க்‌ஷாப்பில், பானெட்டைத் திறந்துகொண்டு நிற்கிறது.

அந்தக் காரை அந்த வீட்டில் யாரும் தொடுவதில்லை. போன கார்த்திகையில், விடிந்தும் விடியாத நேரத்து மழையில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த பச்சையப்பனை மகன் கிஷோர் அதில்தான் தூக்கிப் போட்டுக்கொண்டு கிளம்பினான். அயனம்பாக்கம் ஏரிக்கரைத் திருப்பத்தில் கார் நின்றது. நின்றது நின்றதுதான். முழங்கால் தண்ணீரில் ஆம்புலன்ஸ் தட்டுத்தடுமாறி வந்து சேர்வதற்குள் பெரியவரின் மூச்சு அடங்கிவிட்டது.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் தெருவே பேசியது. "பெட்ரோல்கூடப் பார்க்காம வண்டிய எடுத்துகினு போயி எங்கப்பாவ சாவடிச்சிட்டான்" என்று மகள் அகல்யா வாசலில் நின்று கத்தினாள். பாடை கிளம்புகிற நேரம். கிஷோரின் கையில் கொள்ளிச் சட்டி. "இவன் கையால எங்கப்பாவுக்கு நெருப்பு வெக்கக் கூடாது" என்றாள். சட்டியைத் தரையில் வைத்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்விட்டான். பெரியப்பா மகன் செங்கல்வராயன்தான் அதை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தான்.

பெற்ற பிள்ளை குத்துக்கல்லாட்டம் இருக்க, பங்காளி கொள்ளி வைத்த வீடு அது. அன்று போன கிஷோர் ஆவடியில் நாலு பேரோடு ஓர் அறையில் தங்கிக்கொண்டு வேலைக்குப் போய்வருகிறான். வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

அகல்யாவைக் கெட்டவள் என்று சொல்லிவிட முடியாது. அப்பா என்றால் அவளுக்கு உயிர். ஆனால் வாய்? அடேயப்பா! அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ரெடிமேட் துணிக் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர் வேலை. நாற்பது தையல் மிஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய தொண்டை. ஒரு சட்டையின் காலர் கோணிவிட்டால், அது எந்த மிஷினில், யார் கையில் கோணியது என்று பத்தே நிமிடத்தில் கண்டுபிடித்து ஆளை எழுப்பி நிறுத்திவிடுவாள். அதில் அவள் தப்பியதே இல்லை என்று கம்பெனியில் பெயர்.

வருகிற வெள்ளிக்கிழமை பச்சையப்பனுக்குத் தலை திதி. அதற்குள் காரை ஓடுகிற நிலைக்குக் கொண்டுவந்து யாரிடமாவது தள்ளிவிட வேண்டும் என்பது அம்மா சாவித்திரியின் பிடிவாதம். வாசலில் அதைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறதாம். அகல்யாவின் கணவன் திருமுருகனுக்கு லீவு கிடைக்கவில்லை. அதனால் செவ்வாய்க்கிழமை காலையில் அகல்யாவே அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஒர்க்‌ஷாப்புக்கு வந்தாள்.

"வாங்கக்கா" என்றான் லோகேஷ், கிரீஸ் கையைத் துணியில் துடைத்தபடி. "வண்டிக்கு இன்னா நோவுன்னு புடிச்சிட்டேன்."

"இன்னா, பெட்ரோல் பம்பா?"

"பம்பு நல்லா கீது. ஸ்டார்ட்டர் நல்லா கீது. ஈசிஎம் பூட்சு." மேஜை மேலிருந்து தட்டையான ஓர் அலுமினியப் பெட்டியை எடுத்துக் காட்டினான். ஒரு சாப்பாட்டு டப்பா அளவுதான் இருந்தது. "இதான் வண்டிக்கு மூள. எவ்ளோ பெட்ரோல் உள்ள போவணும், எப்போ நெருப்பு புடிக்கணும், எல்லாத்தையும் இதான் சொல்லும். இது சொல்லலேன்னா நீங்க நூறு தபா சாவி போட்டாலும் சும்மா சுத்தும். இன்ஜின் எடுக்கவே எடுக்காது."

"சரி, புதுசு மாட்ட வேண்டியதுதானே?"

"புதுசு வந்துட்சு. மாட்டறதுக்கு முன்னாடி உங்களாண்ட ஒண்ணு கேக்கணும்." லோகேஷ் பெட்டியைத் திருப்பினான். "இன்ஜின் மேல யாருக்கா தண்ணி ஊத்துனது?"

அகல்யாவுக்குச் சட்டென்று புரியவில்லை. ஒயர் சொருகுகிற இடத்தில் வரிசையாக ஊசி ஊசியாகப் பின்கள். பாதிக்கு மேல் பச்சை பூத்து, சில பின்கள் அரித்துப்போய் இருந்த இடமே தெரியவில்லை.

"மழைல நனைஞ்சிருக்கும். அன்னிக்கு ரோடு பூரா தண்ணி" என்றாள்.

"ரோட்டுத் தண்ணி கீழேர்ந்து வரும்கா. இது மேலேர்ந்து எறங்கிகீது. அதுவும் ஒரே நாள்ல இப்டி ஆவாது. தண்ணி உள்ள போயி குந்திகினு, ஒன்ற மாசம் ரெண்டு மாசமா கொஞ்சம் கொஞ்சமா தின்னுகீது. ஓஸ் புடிச்சி அடிச்சா இப்டிதான் ஆவும். ஆயுத பூஜைக்குக் கழுவுவாங்கல்ல? வருசா வருசம் பூஜ முடிஞ்சி, தீவாளியும் முடிஞ்சப்பறம் எனக்கு இந்த மாதிரி நாலு வண்டி வரும். ஒருத்தரும் ஒத்துக்க மாட்டாங்க." சிரித்துக்கொண்டே பெட்டியின் மேல்மூடியைத் தூக்கிக் காட்டினான். "இதப் பாருங்க, பொட்டு வேற வெச்சிகீறீங்க."

மூடியின் மேல் காய்ந்துபோன சந்தனம். அதன் நடுவில் குங்குமம். சந்தனத்தில் ஒரு விரலின் ரேகைகூடப் பதிந்திருந்தது.

அகல்யாவுக்கு அந்த நாள் அப்படியே கண் முன்னால் வந்தது.

பச்சையப்பன் ரிட்டயர் ஆகும்வரை பழைய லாரி இன்ஜின்களைப் பிரித்து மாட்டுகிற ஒரு ஷெட்டில் இருந்தவர். அந்தக் காலத்து இன்ஜின்கள். குடம் குடமாக ஊற்றினாலும் துடைத்துவிட்டால் ஓடும். அந்தப் பழக்கம் அவருக்குப் போகவில்லை. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் காரின் பானெட்டைத் திறந்து இன்ஜினுக்குத் தலை முழுக்காட்டாமல் விடமாட்டார். "குளிக்காம பூஜைக்குக் குந்தலாமா? மனுசனுக்கு ஒரு நாயம், மிஷினுக்கு ஒரு நாயமா?" என்பார். போன வருஷம் அவருக்கு முட்டி வீங்கியிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, ஓஸ் பைப்பை மகள் கையில் கொடுத்தார்.

கிஷோர்கூட அன்றைக்கு, "வேணாம்பா, ஈரத் துணியால தொடச்சா போதும்" என்றான். "சோம்பேறிக்குச் சாக்கு வேற" என்று அகல்யா அவனை விரட்டினாள். "இன்னும் உள்ள அடிம்மா, அந்த மூலைல மண்ணு கீது பாரு" என்று அப்பா சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். கடைசியில் மூலைக்கு மூலை பொட்டு வைத்தாள். அப்பா முகத்தில் என்ன சந்தோஷம்! "எம் பொண்ணு செஞ்சா செஞ்சதுதான்" என்றார்.

"யாருக்கா ஊத்துனது?" என்று லோகேஷ் மறுபடி கேட்டான்.

"நான்தான்" என்றாள் அகல்யா. குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"உடுங்க. தெரியாம செய்யறதுதானே." அவன் அதோடு அதை மறந்துவிட்டான். அவனுக்கு என்ன தெரியும், பாவம். பேச்சுவாக்கில் அடுத்த குண்டைப் போட்டான். "அப்பறம், டேங்க்ல கீற பெட்ரோல எறக்கிட்டு புதுசு ஊத்தணும். இத்தினி மாசம் நின்னுட்டுல்ல, கெட்டுப் பூட்சு."

"பெட்ரோலா?"

"ஆமா. பேட்டரி புதுசு போட்டு சாவியத் திருப்பினேன். முள்ளு பாதில நிக்குது."

"நல்லாப் பாரு லோகேஷு. அதுல பெட்ரோலே இல்லியே."

"இன்னாக்கா நீங்க? பாதி டேங்க் கீது. வேணும்னா நீங்களே பாருங்க." டிரைவர் சீட் பக்கம் கையை விட்டுச் சாவியைத் திருப்பினான். முள் மெதுவாக எழும்பி நடுவில் நின்றது.

அகல்யா கதவைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்குத் தகவல் கேட்டு ஏரிக்கரைக்கு ஓடிவந்தபோது இதே கதவு வழியாக அவள் எட்டிப் பார்த்தாள். முள் அடியில் விழுந்து கிடந்தது. தம்பிக்கு பைக்கில் பெட்ரோல் தீர்ந்து தள்ளிக்கொண்டு வந்த பழைய கதைகள் இரண்டு உண்டு. அது போதாதா? பத்து நிமிடம்கூட ஆகவில்லை, ஆளைப் பிடித்துவிட்டாள். சாவி போட்டுப் போட்டுப் பேட்டரி செத்துப்போன வண்டியில் எந்த முள் எழும்பி நிற்கும்? இதை அவள் யோசிக்கவில்லை. "பெட்ரோல் இருந்துச்சுக்கா, சத்தியமா இருந்துச்சு" என்று அவன் மழையில் நனைந்துகொண்டு சொன்னதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"அக்கா, சாவி ஒண்ணுதான் கீது. இன்னொண்ணு எங்க?" என்று லோகேஷ் கேட்டான்.

"அது... தம்பியாண்ட கீது."

"அதையும் கொண்டாந்துருங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு லேப்டாப்காரர் வருவாரு. புதுப் பெட்டிக்கு வண்டியோட கணக்கெல்லாம் ஏத்தி, சாவியப் பதிஞ்சி உடுவாரு. அப்போ எந்தச் சாவி கையில கீதோ அதத்தான் வண்டி ஒத்துக்கும். வராத சாவிய அதுக்கு அடையாளம் தெரியாது. கதவத் தொறக்கும், வண்டி எடுக்காது."

சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், "இன்னாம்மா, ஒடம்பு சரியில்லியா?" என்று கேட்டாள். அகல்யா இல்லை என்றாள்.

அம்மா வீட்டில் சாவித்திரி போனில் இருந்தாள். எதிர்முனையில் செங்கல்வராயன். "ஆங்... எட்டு முழ வேட்டியா? துண்டும் எடுத்துடறேன்" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

"ஐயரு சொல்லிட்டாராம். கொள்ளி வெச்ச கைதான் தலை திதி வரைக்கும் செய்யணுமாம். அவனே வந்து குந்துறானாம்" என்றாள் மகளிடம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. பதினோரு மாதமாக அவள் முகம் அப்படித்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் கிஷோர் போன் பண்ணுவான். "சாப்ட்டியா?" என்பாள். "சாப்ட்டேன்" என்பான். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச்சு ஓடாது.

"யம்மா, இப்டி வந்து குந்து" என்றாள் அகல்யா.

"இன்னாடி? காரு ரெடி ஆயிட்சா?"

அகல்யா சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. பச்சை பூத்த பின், சந்தனப் பொட்டு, ஓஸ் பைப், பாதியில் நின்ற முள், எல்லாவற்றையும் சொன்னாள். வழியெல்லாம் அவள் மனசில் ஒரு சாக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தது. அப்பாதானே ஊற்றச் சொன்னார்? நானாகவா ஊற்றினேன்? அதையும் கடைசியில் சொன்னாள். சொல்லும்போதே அது வாயில் கசந்தது.

சாவித்திரி முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்தாள். அழவில்லை, வெறுமனே துடைத்தாள்.

"தண்ணி ஊத்துனது உன் தப்பில்லடி" என்றாள். "அவரு சொன்னாரு, நீ ஊத்துன. அவரும் வேணும்னா சொன்னாரு? பக்தியாத்தான் சொன்னாரு. அத்தக் கழுவினா வண்டி நிக்கும்னு அவருக்குத் தெரியுமா, உனக்குத் தெரியுமா?"

"யம்மா..."

"இரு. நான் பேசறேன். அவன் கையில இருந்த சட்டியக் கீழ வெக்க வெச்ச பாரு, அதான் தப்பு. அத உங்கப்பா சொல்லல. நீயா செஞ்ச."

அகல்யா தலையைக் குனிந்துகொண்டாள்.

"உன்னிய மட்டும் சொல்லி இன்னா பிரயோஜனம்?" சாவித்திரியின் குரல் இப்போதுதான் உடைந்தது. "பெத்தவ நான் அங்கதானே குந்திகினு இருந்தேன். எம் புள்ள என்னியப் பாத்தான்டி. சட்டியக் கீழ வெக்கறதுக்கு முன்னாடி என்னிய ஒரு தபா பாத்தான். அம்மா எதுனா சொல்லும்னு பாத்தான். நான் வாயத் தொறக்கல. எம் மனசுலயும் அப்போ அதான் இருந்துச்சு. இவன் மட்டும் ஒழுங்கா இருந்திருந்தா எம் புருசன் பொழச்சிருப்பாருன்னு நானும்தான் நெனச்சேன்."

பக்கத்து வீட்டில் யாரோ குக்கர் வைத்திருந்தார்கள். அது விசிலடித்து ஓய்ந்தது.

"நீயும் வாம்மா. ரெண்டு பேரும் போயி அவனாண்ட சொல்லுவோம்."

"நான் வரல. எந்த மூஞ்சிய வெச்சிகினு வருவேன்? நீ போ. நீதானே சொன்ன, நீயே போயி மாத்திச் சொல்லு." எழுந்து உள்ளே போனவள் ஒரு டிபன் டப்பாவோடு திரும்பி வந்தாள். "நெத்திலி வறுத்தேன் காலைல. அவனுக்குப் புடிக்கும். நான் குடுத்தேன்னு சொல்லாத."

அம்பத்தூரிலிருந்து ஆவடிக்கு மின்சார ரயிலில் பதினைந்து நிமிடம்கூட இல்லை. அந்தப் பதினைந்து நிமிட தூரத்தைத்தான் பதினோரு மாதமாக யாரும் கடக்கவில்லை. அகல்யா ஜன்னலோரம் உட்கார்ந்து என்னவெல்லாமோ ஒத்திகை பார்த்தாள். அவன் கை நீட்டி அடித்தாலும் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்தாள். அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது.

கிஷோர் வேலை பார்க்கிற கம்பெனி ஆவடி ஸ்டேஷனிலிருந்து உள்ளே தள்ளி, லாரி எடைமேடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. இரும்புக் கடைசல் வேலை. இரண்டு மணி ஷிஃப்டுக்கு ஆட்கள் ஒவ்வொருவராக வந்துகொண்டிருந்தார்கள். ஒன்றே முக்காலுக்கு அவன் வந்தான். தாடி வளர்த்திருந்தான். சட்டை தோளில் தொங்கியது. அவளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

"அம்மாவுக்கு இன்னா?" அதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி.

"அம்மாவுக்கு ஒண்ணும் இல்லடா. நல்லா கீது."

அவனுக்கு மூச்சு வந்தது. அப்புறம்தான் முகம் இறுகியது. "அப்பறம் இன்னாத்துக்கு இங்க வந்த?"

"காரு சாவி உன்னாண்ட கீதுல்ல. ரிப்பேருக்கு வேணுமாம்."

ஏன் எதற்கு என்று ஒன்றும் கேட்காமல் பாக்கெட்டிலிருந்து சாவிக் கொத்தை எடுத்தான். அறைச் சாவியோடு கார் சாவியும் கோர்த்திருந்தது. வளையத்தை நகத்தால் நெம்பிக் கழற்றி அவள் கையில் வைத்தான். "அவ்ளோதானே? ஷிஃப்டுக்கு நேரம் ஆவுது."

"கிஷோரு, ஒரு நிமிசம் இருடா. அதுக்கு மட்டும் வரல."

எடைமேடை ஓரத்தில் ஒரு சிமென்ட் திட்டு. அவள் உட்கார்ந்தாள். அவன் உட்காரவில்லை. ரயிலில் ஒத்திகை பார்த்த வார்த்தை ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. முன்னுக்குப் பின் முரணாக, வாய்க்கு வந்தபடி சொன்னாள். ஆயுத பூஜைக்குத் தான் ஊற்றிய தண்ணீர் அந்தப் பெட்டிக்குள் இறங்கியதை, ஒன்றரை மாதமாக உள்ளே அரித்ததை, அன்றைக்கு அவன் எத்தனை தடவை சாவி போட்டிருந்தாலும் வண்டி எடுத்திருக்காது என்று லோகேஷ் சொன்னதை எல்லாம் சொன்னாள். "நீ அன்னிக்கே வேணாம்னு சொன்னடா. நான்தான் கேக்கல. எல்லாம் நான்தான்டா பண்ணேன்" என்று சொல்லி, அவன் திட்டப்போகிறான் என்று காத்திருந்தாள்.

அவன் திட்டவில்லை. தண்ணீர் ஊற்றியது யார் என்பது அவன் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

"பெட்ரோல்?" என்றான்.

"இன்னாடா?"

"டேங்க்ல பெட்ரோல் இருந்துச்சான்னு பாத்தானா அவன்?"

"பாத்தான். நானும் பாத்தேன். பாதி டேங்க் இருந்துச்சு."

கிஷோர் மெதுவாகத் திட்டில் உட்கார்ந்தான். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான்.

"அப்போ நான் பாத்தது கரெக்ட்டு" என்றான் கைக்குள்ளேயே. "கெளம்பும்போது பாத்தேன்கா. முள்ளு நடுவுல நின்னுச்சு. நல்லா ஞாபகம் கீது. ஆனா நீ கத்துனப்பறம்... எல்லாரும் பாத்தப்பறம்... எனக்கே டவுட்டு வந்துட்சு. நெஜமாப் பாத்தேனா, இல்ல அவசரத்துல பாத்ததா நெனச்சிகினேனான்னு. டெய்லி படுத்துகினு அதையே யோசிப்பேன். கொஞ்ச நாள் ஆனதும் முள்ளு கீழ கெடக்கற மாதிரியே கண்ணுல தெரிய ஆரம்பிச்சிட்சு. பெட்ரோல் போடாம நான்தான் எங்கப்பாவ கொன்னுட்டேன்னு நானே நம்பிட்டேன்கா."

அவன் தன் மேல் கோபமாக இருக்கிறான் என்றுதான் அகல்யா இத்தனை நாளும் நினைத்திருந்தாள். தான் சொன்னதை அவன் நம்பிக்கொண்டு கிடக்கிறான் என்று கனவிலும் நினைக்கவில்லை.

"நீ இல்லடா. நீ எதுவுமே பண்ணல" என்று அவன் முதுகில் கை வைத்தாள். அவன் தட்டிவிடவில்லை. முதுகு குலுங்கிக்கொண்டே இருந்தது. ஷிஃப்டுக்குப் போகிறவர்களில் ஒருத்தர், "இன்னா நைனா, இன்னா ஆச்சு?" என்று நின்றார். அகல்யா ஒன்றுமில்லை என்று கை காட்டி அனுப்பினாள்.

கொஞ்ச நேரம் கழித்து டிபன் டப்பாவை நீட்டினாள். "அம்மா குடுத்துச்சு."

சொல்லக் கூடாது என்று அம்மா சொன்னது அவளுக்கு மறந்தே போய்விட்டது. அவன் வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். திறக்கவில்லை.

"வெள்ளிக்கிழம திதிடா. நீ வா. நீதான் குந்தணும்" என்றாள்.

"கொள்ளி வெச்சவன்தானே குடுக்கணும். அது செங்கல்வராயன் அண்ணன் வேல."

"நான் பேசிக்கறேன். அண்ணன் கால்ல வேணாலும் விழறேன். ஐயராண்ட நான் சொல்றேன். அன்னிக்கு யாரு யாரெல்லாம் வாசல்ல இருந்தாங்களோ அத்தினி பேரையும் கூப்புட்டு, அவங்க எதிர்ல சொல்றேன். தப்பு என்னுதுதான், தம்பி மேல ஒரு தப்பும் இல்லன்னு சத்தம் போட்டு சொல்றேன். இது அப்பா மேல சத்தியம்."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். கண் இரண்டும் சிவந்திருந்தன. கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும்.

"அவங்க எல்லாம் கேப்பாங்கக்கா. தெருல கீறவங்களும் சரி, அண்ணனும் சரி, சொன்னா கேட்டுக்குவாங்க. எனக்கு அவங்க பெருசு இல்ல." கொஞ்சம் நிறுத்தினான். "நீ அதச் சொன்னப்போ அப்பா எங்க இருந்தாரு?"

அகல்யாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது திட்டை விட்டு எழுந்துவிட்டாள்.

"வாசல்லதானே படுக்க வெச்சிருந்தாங்க. நீ அவரு தலமாட்டாண்ட நின்னுகினுதான் கத்துன. அவரு காதாண்ட. செத்தவங்களுக்குக் காது கேக்காதுன்னு சொல்லுவ. அம்மா அவராண்ட பேசிகினே இருந்துச்சே அன்னிக்கு? நீயும்தானே பேசின? கேக்கும்னுதானே எல்லாரும் பேசினீங்க? அவரு அதையும் கேட்டுகினேதான்கா போயிருப்பாரு. எம் புள்ளதான் என்னியக் கொன்னான்னு நெனச்சிகினே போயிருப்பாரு. அவராண்ட எப்படிக்கா மாத்திச் சொல்லுவ?"

அகல்யா கையிலிருந்த சாவியையே பார்த்தபடி மறுபடி திட்டில் உட்கார்ந்தாள். என்ன சொல்ல முடியும்? எதைச் சொல்லி அதைத் திருப்பி வாங்க முடியும்?

கம்பெனியில் சங்கு ஊதியது. கிஷோர் எழுந்து, சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். டிபன் டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கேட் வரைக்கும் போனான். வாட்ச்மேன் கதவைச் சாத்தப் போகிற நேரத்தில் திரும்பினான்.

"வெள்ளிக்கிழம எத்தினி மணிக்கு?"

"காலைல ஒம்பதுக்குடா" என்றாள். பதறியடித்து எழுந்து ரெண்டடி முன்னால் வந்தாள்.

வருகிறேன் என்று அவன் சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. உள்ளே போய்விட்டான்.